மழையின் மேல் பந்தயம்

கல்கத்தாவில் மழையின் மேல் பந்தயம் கட்டுவார்கள் என்று சொன்னால், தஞ்சாவூர்ப் பக்கத்து எங்கள் உறவினர்கள் நம்புவதில்லை. குதிரையின் மேல் கட்டலாம், சீட்டின் மேல் கட்டலாம், மழையின் மேல் எப்படி என்று கேட்பார்கள். நான் பொறுமையாக விளக்குவேன். விளக்கும் அளவுக்கு அது எனக்குத் தெரியும். ஒரு மழைக்காலம் முழுவதும், அடுத்ததில் பாதிவரையும், நானே கட்டியிருக்கிறேன்.

முறை இதுதான். கிடர்பூரில் நான் வேலை பார்த்த பெண்கள் டிஸ்பென்சரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு தானியக் கிடங்கு இருந்தது. அதன் மொட்டை மாடியின் மூலையில், மழைத் தண்ணீர் வெளியே விழ ஒரு கல் தூம்பு. தூம்பின் கீழே, தாழ்வாரக் கூரையின் மேல் ஒரு பித்தளைக் குடம். காலை எட்டு மணிக்குக் குடத்தைக் கவிழ்த்துக் காலி செய்து வைப்பார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குள் அது நிரம்பி வழிந்தால் ‘ஓடியது’, வழியாவிட்டால் ‘நின்றது’. இரண்டில் எதன் மேலும் கட்டலாம். வானம் வெளுத்திருக்கும் காலையில் ‘ஓடும்’ என்று கட்டி ஜெயித்தால் ஒன்றுக்கு ஆறு, ஏழுகூடக் கிடைக்கும். இந்தப் பந்தயம் முதலில் மார்வாடி வியாபாரிகளின் பெரிய பஜாரில்தான் நடந்ததாம். அங்கே சட்டம் போட்டுத் தடுத்ததும், எங்கள் பக்கத்துச் சின்னச் சின்ன மாடிகளுக்குச் சிதறி வந்துவிட்டது.

ஆண்கள் கிடங்கு வாசலிலேயே நின்று கட்டினார்கள். பெண்களுக்கு, மாசி என்று எல்லோரும் கூப்பிட்ட பொரிக்காரி இருந்தாள்; மாசி என்றால் வங்காளத்தில் சித்தி. தலையில் பொரிக் கூடை, இடுப்பில் சுருக்குப் பை. ஆயாக்கள், சமையல்காரிகள், மருந்துக்கு வந்து காத்திருக்கும் பெண்கள் எல்லோரிடமும் காலையில் பொரி அளந்து போடும்போதே பந்தயமும் வாங்கிக்கொள்வாள். யாரிடம் எவ்வளவு, ஓடுமா நிற்குமா என்பதெல்லாம் அவள் தலைக்குள்தான். ஒரு நாளும் தவறியதில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பதினான்கு வயதில் கணவரை இழந்தவள். அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். பெண்களுக்கான கம்பவுண்டர் வகுப்பு ஒன்று நடக்கிறது என்று அலுவலகத்தில் யாரோ சொல்லக் கேட்டு, ஊரில் ஒருவரிடமும் யோசனை கேட்காமல் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். நான் படித்துத் தேறினேன். ஒரு வங்காளி லேடி டாக்டர் நடத்திய டிஸ்பென்சரியில் மருந்து கலக்கும் வேலை கிடைத்தது. டாக்டரம்மா, நான், நர்ஸ் திதி, கூட்டிப் பெருக்க ஒரு அம்மாள்; அவ்வளவுதான் அந்த இடம். பேச்செல்லாம் வங்காளத்தில்; திதி என்றால் அக்கா. இங்கே அதைத் தமிழாக்கி எழுதுகிறேன்.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. மருந்து அலமாரியில் எந்தத் தட்டில் என்ன இருக்கிறது, எது ஈரத்தில் கெடும், எது வெளிச்சத்தில் கெடும் என்று எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். முதல் மழைக்காலத்தில் அந்த ஈரப் பட்டியலே எனக்கு வேறு ஒன்றைக் காட்டியது. பொட்டாஷ் உப்பு காலையில் கட்டிதட்டிக் கசிந்திருந்தால் அன்று முற்பகல் மழை. கண்ணாடி மூடி பாட்டில் கழுத்தில் இறுகிக்கொண்டாலும் அப்படித்தான். துறையில் நிற்கும் கப்பல்களின் புகை மேலே போகாமல் தண்ணீரின் மேல் படுத்தால், ஆற்றின் சேற்று வாடை கார்டன் ரீச் பக்கமிருந்து வந்தால், ஒட்டுத்தாளின் பசை காய மறுத்தால்… இப்படிப் பதினொரு அடையாளங்கள் சேர்ந்தன. ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். அப்போது பந்தயத்தைப் பற்றிய நினைப்பே இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

ஒரு நாள் மாசி மருந்துக்கு வந்தாள். நான் அவளுடைய பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டே சொன்னேன். "சீக்கிரம் போ மாசி. பதினோரு மணிக்குள்ள கொட்டப் போவுது, பொரி நமுத்துடும்."

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். நல்ல வெயில்.

"யாரு சொன்னா?"

"உப்பு கசிஞ்சிருக்கு."

"உப்பு உன்கிட்ட பேசுதா, மாத்ராஜிப் பொண்ணே? அப்ப அது மேல ரெண்டணா வையேன்."

அந்த இரண்டணாவை வைத்தேன். பத்தரைக்குக் கொட்டியது. மதியம் மாசி திரும்பி வந்து, பன்னிரண்டு அணாவை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த உப்பு அது, காட்டு," என்றாள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. பன்னிரண்டு அணாவைவிட அதிகமாகப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது.

அது சூது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சூதாடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறவர்கள். நான் குறிப்பெடுத்துக் கட்டுகிறவள். தோற்ற நாட்களில், பந்தயத்தில் தோற்றதாக நினைக்கவில்லை. அடையாளங்களில் ஒன்று சரியில்லை, திருத்த வேண்டும் என்று நினைத்தேன். திருத்தியதைச் சோதிக்க மறுநாள் கட்ட வேண்டியிருந்தது. அதிலும் பிசகினால் அதற்கு மறுநாள். பதினொரு அடையாளங்கள் பதினேழாயின. பின்னால் ஒரு நாள் குறிப்பேட்டை முழுவதும் கூட்டிப் பார்த்தேன். பத்துக்கு ஆறு தடவை ஜெயித்திருந்தேன். ஆடி மாதத்தில் எதையும் பார்க்காமல் தினமும் ‘ஓடும்’ என்று சொல்கிற ஒருத்தியும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஜெயித்திருப்பாள்.

வீட்டில் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். அம்மாவுக்குப் பந்தயம் தெரியாது. நான் மழை சொல்வது மட்டும் தெரியும். வடகம் பிழிவதற்கு முன் என்னைக் கேட்பாள்.

"இன்னைக்குப் போடலாமா?"

"ரெண்டு மணிவரைக்கும் காயும். அதுக்கு மேல எடுத்துடு."

"உன்னை அந்த ஆணியில மாட்டி வெச்சிட்டுப் பஞ்சாங்கத்தைத் தூக்கிப் போட்டுடலாம்," என்பாள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். சம்பளத்தில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து, மருந்துப் புத்தகம் வாங்கினேன் என்று சொன்னதும் அதே அம்மாவிடம்தான்.

பணத்தைவிடக் காதுதான் அதிகம் போயிற்று. யார் என்ன பேசினாலும் பாதிக் காது கூரையில் இருந்தது. ஒரு சொட்டு தகரத்தில் விழுந்தால் பேச்சின் நடுவில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவேன். பன்னிரண்டு மணிக்குக் கப்பல்துறை மணி அடித்த பிறகுதான் அன்றைய நாள் எனக்கு ஆரம்பமாகும்.

ஐப்பசி முடிந்து மழை நின்றது. குடத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். குளிர்காலம் முழுவதும் நான் ஒரு பைசா கட்டவில்லை. கட்ட நினைக்கவும் இல்லை. தை மாதம், விட்டுவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குறிப்பேட்டைப் பெட்டியின் அடியில் போட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மழையே இல்லாத மாதங்களில் மழைப் பந்தயத்தை விட்டுவிட்டதாக நம்பியிருக்கிறேன். குதிரைக்குக் கட்டுபவர்கள் இந்தத் தவறைச் செய்ய முடியாது. அவர்களுக்கு யாரும் ஐந்து மாதம் குதிரைகளை ஒளித்து வைப்பதில்லை.

சித்திரையில் ஒரு பிற்பகல், வடமேற்கிலிருந்து காலபைசாகிப் புயல் வந்தது. இந்த ஊரில் கோடையை உடைப்பது அந்தக் காற்றுதான். வாசலில் நின்று முகத்தில் வாங்கிக்கொண்டேன். முந்தானையால் முகத்தைத் துடைப்பதற்குள் கேட்டுவிட்டேன். "மாசி, குடம் எப்ப வெப்பாங்க?"

அந்த வருடம் நான் கட்டிய தொகைகள் பெரிதாயின. அதை விவரமாகச் சொல்வதில் பயன் இல்லை. ஆடி மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் டிஸ்பென்சரிக்கு வரும் பெண்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே மருந்து பாட்டிலின் பக்கவாட்டில் ஓர் அளவுக் காகிதம் ஒட்டுவோம். நீளமான காகிதத் துண்டை மூன்று முறை மடித்து, ஓரத்தில் கத்தரியால் வெட்டிப் பிரித்தால், சமமான எட்டுப் பங்குகள் தெரியும். ஒரு வேளைக்கு ஒரு பங்கு. இதற்கு மேல் டாக்டரம்மா ஒரு விதி வைத்திருந்தார். பாட்டிலை வாங்குகிறவள் அந்தப் பங்குகளை விரலால் தொட்டு, எத்தனை வேளை என்று வாய்விட்டு எண்ணிச் சொன்ன பிறகுதான் பாட்டில் அவள் கைக்குப் போக வேண்டும். சாதாரணமாக நர்ஸ் திதி பக்கத்தில் நின்று எண்ண வைப்பாள். அன்று திதி விடுப்பு. அந்த வேலையும் என்னுடையதுதான்.

பன்னிரண்டுக்குக் கால் மணி இருந்தது. குடம் முக்கால் நிரம்பியிருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. துறையில் மூட்டை தூக்குபவர் ஒருவரின் மனைவி, ஐந்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இருமல் மருந்துக்கு நின்றிருந்தாள். அபின் சேர்ந்த மருந்து. இரவில் இருமாமல் தூங்குவதற்கு. அளந்து ஊற்றியதில் பிசகு இல்லை. காகிதத்தை மடிக்கும்போது தூம்பில் சத்தம் கேட்டது. இரண்டு மடிப்பு மடித்திருந்தேன். வெட்டினேன், ஒட்டினேன், பாட்டிலைக் கொடுத்தேன். எண்ணச் சொல்லாமல் ஜன்னலுக்குப் போனேன். குடத்தின் கழுத்துவரை தண்ணீர் வந்து நின்றுவிட்டது. மணி அடித்தது.

மறுநாள் காலை அவளை அவள் கணவன் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான். எழுப்ப முடியவில்லை, குழந்தையும் பாலுக்கு அழவில்லை என்றான். டாக்டரம்மா அவளுடைய கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு பாட்டிலைப் பார்த்தார். எட்டுப் பங்கு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. அவள் ஒவ்வொரு வேளையும் இரண்டு மடங்கு குடித்திருந்தாள். தாய்ப்பால் வழியாக அபின் குழந்தைக்கும் போயிருந்தது.

கடுங்காப்பி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக் கூடத்தில் நடத்திக்கொண்டே இருந்தோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் திதி. கூட்டிப் பெருக்கும் அம்மாளின் மடியில் குழந்தை இருந்தது. டாக்டரம்மா அதன் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தார். வெளியே மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது. பத்து மணிக்குக் குழந்தை முகத்தைச் சுளித்தது. அதற்கு மேல் கொஞ்ச நேரம் கழித்து, பசியில் வீறிட்டு அழுதது. தாய் மதியத்துக்குள் தெளிந்து, "என் பிள்ளை எங்கே?" என்று கேட்டாள்.

அவர்கள் போன பிறகு டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். பாட்டில் அவர் கையிலேயே இருந்தது.

"எட்டு வேளை மருந்துக்கு நாலு பங்கு."

"ஆமாம்."

"அவ எண்ணினாளா?"

"நான் எண்ணச் சொல்லலை."

"ஏன்?"

"குடத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"எந்தக் குடம்?"

சொன்னேன். குறிப்பேடு, உப்பு, மாசி, சம்பளத்தில் குறைத்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியும்.

"ஜெயிப்பியா?"

"பாதிக்கு மேல."

"நல்லாத் தோத்திருந்தா போன வருஷமே விட்டிருப்பே," என்றார். பாட்டிலை மேஜையில் வைத்தார். "உன்னை வீட்டுக்கு அனுப்பலாம். அனுப்பினா அங்க ஒரு ஜன்னல் இருக்கும். இங்கேயே இரு. ஆனா மருந்து மேஜைக்கு வராதே. பின்கட்டுல பாட்டில் கழுவு. துர்கா பூஜை லீவு வரைக்கும் ஒரு பைசா கட்டாம இருந்தா, திரும்ப மேஜைக்கு வரலாம்."

"கட்டிட்டேன்னா?"

"நீயே வந்து சொல்லணும். உன் பின்னாடி ஆள் வெச்சுப் பாத்துக்கிட்டிருக்க எனக்கு நேரம் இல்லை."

மருந்து மேஜை எனக்கு என்ன என்பதைச் சொன்னால்தான் இது புரியும். கல்கத்தாவிலும் சரி, ஊரிலும் சரி, நான் நுழையும் இடமெல்லாம் என்னிடம் இல்லாதது எது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்த மேஜைக்குப் பின்னால் நின்றால் மட்டும், எனக்குத் தெரிந்தது எது என்று கேட்பார்கள். அதை இழந்தால் நான் எங்கே போய் நிற்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே வீட்டில் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சூதாட்டமா? எதுல?"

"மழையில."

"மழையிலயா?" என்று கேட்டுவிட்டு, கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் வேற தினம் தினம் கேட்டுக்கிட்டிருந்தேனே," என்றாள்.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். "இப்ப என்ன வேலை குடுத்திருக்காங்க?" என்றார்.

"பாட்டில் கழுவுறது."

"சரி. உடைக்காமக் கழுவு."

பின்கட்டுக்குத் தகரக் கூரை. ஒரு தூறல் போட்டால்கூட மேளம் மாதிரி கேட்கும். முதல் வாரத்தில் நான் விதிகள் எழுதினேன். கிடங்குச் சந்து வழியாக வரக் கூடாது. மாசியிடம் பொரி வாங்கக் கூடாது. உப்புப் பாட்டிலைப் பார்க்கக் கூடாது. ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். மொத்தம் பதினான்கு. எல்லாவற்றையும் கடைப்பிடித்தேன். கடைப்பிடித்துக்கொண்டே, மழை ஆரம்பித்ததும் மனசுக்குள் ‘பத்து நாற்பதுக்குள் ஓடும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காசு கட்டாத பந்தயத்தைப் பற்றி என் விதிகளில் ஒன்றும் இல்லை. பதினைந்தாவதாக அதையும் சேர்த்தேன். அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

மாசிக்கு என் மேல் வருத்தம். ஒரு நாள் பின்வாசலில் வந்து நின்றாள்.

"சந்துல என்னைப் பாத்தா அந்தப் பக்கம் போறியாமே. நான் என்ன விஷமா விக்கிறேன்? பொரி விக்கிறேன்."

"ரெண்டும் விக்கிறே, மாசி. எனக்குப் பொரி மட்டும் தனியா வாங்கத் தெரியலை."

"படிச்ச பொண்ணு. என்னமோ பேசுறே," என்று சொல்லிவிட்டு, ஒரு கை பொரியை என் முன்னால் தட்டில் போட்டுவிட்டுப் போனாள். காசு வாங்கவில்லை. அவளுக்கு அது பிழைப்பு. கெட்டவள் என்று அவளை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

நாற்பத்தோராவது நாள் கட்டிவிட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. டாக்டரம்மாவுக்காகத் தபால் பெட்டியில் கடிதம் போடப் போனேன், திரும்பும் வழியில் மாசி எதிரே வந்தாள், வானம் வெளுத்திருந்தது, ஆற்று வாடை வந்தது. ஓரணாவை அவள் கையில் வைத்தேன். அவளே, "வேணாம்னு சொன்னியே," என்றாள். "இன்னைக்கு மட்டும்," என்றேன். குடம் ஓடியது. ஆறணா வந்தது. அந்த ஆறணாவைக் கையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு எதன் மேல் கட்டலாம் என்று நான் யோசிப்பதை நானே கேட்டேன்.

யாருக்கும் தெரியாது. மாசி சொல்ல மாட்டாள். பூஜைக்கு இன்னும் மூன்று வாரம்தான். ஆவணி முழுவதும் டாக்டரம்மாவே மருந்தும் கலந்துகொண்டிருந்தார். காலை முழுவதும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, நின்றபடியே மேஜைக்குப் போய் அளப்பார். அவருடைய மணிக்கட்டு வீங்கியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கும் நல்லது என்றுகூட ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். சாதகமானவை ஐந்து, பாதகமானது ஒன்று. அந்த ஒன்று, இரண்டே முறை மடித்து நான் ஒட்டிய காகிதம். மறுநாள் காலை போய்ச் சொன்னேன்.

"எத்தனை நாள் ஆச்சு?"

"நாப்பத்தோரு நாள்."

"இன்னைக்கு ஒண்ணு," என்றார். "இந்த வருஷப் பூஜை போச்சு. அடுத்த வருஷம்." மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே மேஜைக்குப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததில் எது எனக்கு உதவியது என்று கேட்டால், ஒரு தற்செயலைத்தான் சொல்ல வேண்டும். மறுநாள் மழை வந்தபோது, கட்டும் ஆசையை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பயமாக இருந்தது. திதி கொதிக்கும் தண்ணீரைக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"திதி, எனக்குக் கட்டணும் போல இருக்கு," என்றேன்.

"இருக்கட்டும். அந்தப் பாட்டிலைக் கழுவு."

"கழுவுறேன். ஆனா இன்னும் இருக்கு."

"நான் போகச் சொல்லலையே. அடுத்ததைக் கழுவு. சோப்பு நிறைய போடாதே, நுரை போக மாட்டேங்குது."

கழுவினேன். ஒவ்வொரு பாட்டிலையும் எண்ணினேன். எண்ணாமல் எனக்கு எதையும் செய்ய வராது. இருபத்து நாலாவது பாட்டிலில் ஆசை குறைந்தது. தூம்பின் சத்தம் கேட்டது. ஆனால் எழுந்து போக வேண்டும் என்று தோன்றவில்லை. அடுத்த மழையில் மறுபடியும் எண்ணினேன். இருபத்தாறு. அதற்கடுத்து இருபத்து மூன்று. அந்த ஆசைக்கு ஒரு நீளம் இருந்தது. ஆரம்பம் இருந்தது, முடிவு இருந்தது. இது எனக்குப் பெரிய செய்தி. அதுவரை, கட்டினால்தான் அது அடங்கும் என்று நினைத்திருந்தேன். மழைக் குறிப்பேட்டின் தாள்களைக் கிழித்து, தண்ணீர் கொதிக்க வைக்கும் அடுப்புக்குப் போட்டேன். பாட்டில் கணக்கைச் சுவரில் கரியால் எழுதினேன்.

திதி அந்தச் சுவரைப் பார்த்து, "இது என்ன, வண்ணான் கணக்கா?" என்று கேலி செய்வாள். மழை ஆரம்பித்தால் அடுத்த அறையிலிருந்தே குரல் கொடுப்பாள். "மாத்ராஜி, எத்தனையில இருக்கே?" "பதினாறு." "இன்னும் இருக்கா?" "இருக்கு." "பாட்டிலும் இருக்கு." இப்படித்தான் அந்த ஐப்பசி போயிற்று. குளிர்காலத்தில் கழுவியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த மழைக்காலம் ஆனியில் ஆரம்பித்தபோது இருபதில் இருந்தேன். ஆடி நடுவில் பன்னிரண்டு. ஆவணியில் ஒரு நாள் ஐந்து. அதோடு மழை நின்றுவிட்டது. அந்த வருடம் புரட்டாசி முழுவதும் வெயில். பூஜைப் பந்தல்களுக்கு மூங்கில் கட்டுகிறவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். பூஜைக்கு ஒரு வாரம் முன்பு டாக்டரம்மா பின்கட்டுக்கு வந்தார்.

"ஒரு வருஷம் ஆகப் போவுது. லீவு முடிஞ்சதும் மேஜைக்கு வந்துடு."

எனக்கு அதைத் தவிர வேறு ஆசை இல்லை. ஆனாலும், "இன்னும் ஆகலை," என்றேன்.

"ஏன், கட்டினியா?"

"இல்லை. போன முப்பத்து நாலு நாளா மழையே இல்லை. மழை இல்லாத நாள்ல நான் எப்பவுமே நல்ல பொண்ணுதான், டாக்டரம்மா. போன தடவை குளிர்காலத்துல ஏமாந்த மாதிரி இந்தத் தடவையும் ஏமாறக் கூடாது."

அவர் என்னை முறைத்தார். "என் கையைப் பாரு," என்று மணிக்கட்டை நீட்டினார். துணி சுற்றியிருந்தது. "உன் கணக்குக்கு என் எலும்பு காத்துக்கிட்டிருக்கணுமா?"

"ஒரே ஒரு நல்ல மழை வரட்டும்."

"வராட்டி?"

"வராட்டி ஆனி மாசம்."

"பிடிவாதக்காரி," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. திதிதான் வந்து, "நீ ஒருத்திதான் மழை வரணும்னு வேண்டிக்கிறே. பந்தல்காரன் கேட்டா உதைப்பான்," என்றாள். நான் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்வதும் கட்டுவது மாதிரிதான் எனக்கு.

பூஜை முடிந்தது. டிஸ்பென்சரி திறந்து இரண்டாம் வாரம், ஐப்பசியில், ஒரு காலை அலமாரியிலிருந்து சோடாத் தூள் எடுத்து வரச் சொன்னார்கள். போன இடத்தில் பொட்டாஷ் உப்பு கண்ணில் பட்டது. கசிந்து, அடியில் தண்ணீராக நின்றது. பக்கத்துப் பாட்டிலின் மூடி திறக்க மறுத்தது. வெளியே வந்து பார்த்தேன். வானம் கழுவி விட்டது போல இருந்தது. புகை மட்டும் தண்ணீரின் மேல் படுத்திருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவு நிச்சயமாக நான் எந்த நாளிலும் இருந்ததில்லை.

ஏழே முக்காலுக்கு மாசி பின்வாசலில் வந்து கூடையை இறக்கினாள். அந்தப் பருவத்தின் கடைசி வாரம்; குடத்தை எடுத்து வைத்துவிடப் போகிறார்கள்.

"கிடங்குல ஒண்ணுக்கு ஒன்பது தர்றான்," என்றாள். "ஓடும்னு கட்ட ஒருத்தியும் இல்லை. உன்னைக் கேக்கலை. சும்மா சொன்னேன்."

"பொரி மட்டும் குடு, மாசி. ஒரு பைசாவுக்கு."

பொரி வாங்குவது அதுவே முதல் தடவை, பதினைந்து மாதத்தில். அவள் அளந்து போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஓடுமா?" என்று மெல்லக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் எனக்காகவும் சேர்த்துக் கட்டியிருப்பாள்.

எட்டரைக்கு இருட்டியது. எட்டே முக்காலுக்குள் தகரக் கூரையில் கொட்டி, குடம் வழிந்து, கிடங்கு வாசலில் ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் தொட்டியில் கையை விட்டேன். ஐந்தில் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. பத்தில் போகவில்லை. பதினைந்தில், கையிலிருந்த பாட்டிலை வைத்துவிட்டு மாசியைத் தேடிப் போய், நாளைக்கு என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. திதி முன்கட்டில் நோயாளிகளோடு இருந்தாள், கூப்பிட்டால் கேட்காது. எனக்கு நானே சத்தமாக, "இன்னும் இருக்கு," என்று சொல்லிக்கொண்டு அடுத்ததை எடுத்தேன். முப்பத்தொன்றில் குறைந்தது. முதல் வருடத்தில்கூட அவ்வளவு ஆனதில்லை.

ஈரக் கையோடு முன்கட்டுக்குப் போனேன். டாக்டரம்மா மருந்து மேஜையில் நின்று இடது கையால் அளந்துகொண்டிருந்தார். பெஞ்சில் பெண்கள் முந்தானையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"முப்பத்தொண்ணு," என்றேன்.

அவர் நிமிரவில்லை. "போன தடவை?"

"அஞ்சு."

"ஒண்ணுக்கு எத்தனை தந்தான்?"

"ஒன்பது."

"மழை வரும்னு உனக்குத் தெரிஞ்சிருந்தது."

"காலையிலயே."

"கட்டினியா?"

"இல்லை."

அளவுக் கண்ணாடியைக் கீழே வைத்தார். "நானா இருந்தா கட்டியிருப்பேன். ஒன்பதாமே," என்றார். பெஞ்சில் இருந்த ஒருத்தி சிரித்தாள். பிறகு என்னிடம், "கையைத் துடைச்சுக்கிட்டு வா. பதினோரு பேர் நிக்கிறாங்க," என்றார்.

"ஆசை போகலை, டாக்டரம்மா. முப்பத்தொண்ணு ஆச்சுன்னு சொன்னேனே."

"ஆசை போகணும்னு நான் சொன்னேனா? கட்டக் கூடாதுன்னுதானே சொன்னேன். நல்ல மழை கேட்டே, வந்துடுச்சு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் போய் நின்றேன். முதல் சீட்டு ஒரு கிழவியின் மூட்டு வலித் தைலம். இரண்டாவது, வயிற்றுப்போக்குக்கு ஆறு வேளை மருந்து. மழை இன்னும் விடவில்லை. இடது பக்கத்து ஜன்னலைச் சாத்தலாமா என்று யோசித்தேன். சாத்தினால் அளவுக் கண்ணாடியின் கோடு தெரியாது. திறந்தபடியே வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.